டாமி ஸ்டீல்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலப் பாடகர், நடிகர் டாமி ஸ்டீலைப் ‘பிரிட்டனின் எல்விஸ்’ என்று எழுதுகிறார்களே, அவ்வளவு பெரிய ஆளா?

1957இல் பெரிய ஆள்தான். அமெரிக்காவுக்கு ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்றால் பிரிட்டனுக்கு இவர். லண்டன் பெர்மாண்ட்சியில் 1936இல் பிறந்த தாமஸ் ஹிக்ஸ் (டாமியின் இயற்பெயர்), கப்பலில் வேலை பார்த்த பையன். 1956இல் சோஹோவின் ‘டூ ஐஸ்’ காபிக் கடையில் பாடியபோது கவனிக்கப்பட்டார். அடுத்த ஜனவரியிலேயே அவர் பாடிய ‘சிங்கிங் த ப்ளூஸ்’ பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் கை மிட்செலும் அதே பாட்டைப் பாடி முதலிடத்தில் இருந்தார். ஒரு வாரம் இவர், மறு வாரம் மறுபடி அவர்! அந்த ஆண்டே டாமியின் வாழ்க்கைக் கதை படமானது, நடித்தவரும் டாமியே. பாட வந்து ஒரு வருடம்கூட ஆகாத 20 வயதுப் பையனுக்கு அதற்குள் என்ன வாழ்க்கைக் கதை என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அப்புறம் ஏன் சார் ராக் இசையை விட்டார்? சரக்கு தீர்ந்துவிட்டதா?

ராக் ரசிகர்களின் பழைய குறை இது. நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர் குரலில் இருந்தது முரட்டுத்தனம் அல்ல, குறும்பு. அதற்கு ஏற்ற இடம் மேடை. 1960இல் லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் கோல்ட்ஸ்மித்தின் 18ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகத்தில் டோனி லம்ப்கினாக நடித்தார். ராக் பாடகர் அங்கே போய் நிற்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. 1963இல் ‘ஹாஃப் எ சிக்ஸ்பென்ஸ்’. எச். ஜி. வெல்ஸ் நாவலிலிருந்து, இவருக்காகவே உருவான இசை நாடகம். துணிக்கடைப் பையனுக்குத் திடீரென்று சொத்து வருகிறது. அவருடைய லண்டன் பேச்சு, ஆட்டம், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. 1965இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை, 1967இல் திரைப்படம்.

கேள்வி: ஹாலிவுட்டில் ஏன் நிலைக்கவில்லை?

நேரம் சரியில்லை. கொப்போலா இயக்க, நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேருடன் நடித்த ‘ஃபினியன்ஸ் ரெயின்போ’ வந்தது 1968இல். பிரம்மாண்டமான இசைப் படங்களின் மவுசு குறையத் தொடங்கிய காலம் அது.

கேள்வி: லிவர்பூல் சிலை இவர் செய்ததா, இல்லை யாரோ கதை கட்டியதா?

இவர் செய்ததுதான். ஸ்டான்லி தெருவில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் எலினார் ரிக்பி, 1982இல் திறக்கப்பட்டது. பீட்டில்ஸ் பாட்டில் வரும் தனிமைப் பெண்தான். கூலியாக அவர் கேட்டது மூன்று பென்ஸ். ஆறு பென்ஸில் பாதி, அதாவது ‘ஹாஃப் எ சிக்ஸ்பென்ஸ்’, புரிகிறதா?

கேள்வி: எல்விஸுக்கு ரகசியமாக லண்டனைச் சுற்றிக் காட்டினாராமே?

1958இல் நடந்ததாக நாடகத் தயாரிப்பாளர் பில் கென்ரைட் 2008இல் வானொலியில் சொன்னார். டாமி முழுதாக மறுக்கவும் இல்லை, விவரம் சொல்லவும் இல்லை. எல்விஸ் பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்ததற்குப் பதிவு இருப்பது 1960இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையத்தில் மட்டும். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் நல்ல கதை.

கேள்வி: சர் பட்டம் எப்போது?

2020இல், 83 வயதில். ரொம்பத் தாமதம்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

‘ஹாஃப் எ சிக்ஸ்பென்ஸ்’ படத்தில். கல்யாணப் புகைப்படம் எடுக்கும் பாட்டு வரும்வரை பொறுத்திருங்கள். முதல் பாதி கொஞ்சம் இழுக்கும்.