மிரண்டு நிற்கும் இளங்கிளி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 3 மாதக் காக்டீல் (தலையில் கொண்டை உள்ள சின்னக் கிளி வகை) ஒன்று வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. பக்கத்தில் போனாலே கூண்டின் மூலையில் ஒட்டிக்கொள்கிறது. அது சாப்பிட்டு நான் பார்க்கவேயில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பழக்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது தின்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பயந்த பறவை ஆள் இருக்கும்போது தின்னாது, நீங்கள் அறையை விட்டு வெளியே போனதும் தின்னும். தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். மேலாக ஊதிப் பார்த்தால் பாதி வெறும் உமியாக இருக்கும். கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து எச்சத்தைக் கவனியுங்கள். எச்சம் வழக்கம்போல விழுந்தால் தின்கிறது என்று அர்த்தம். முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே இப்போதும் கொடுங்கள், தீனியை மாற்றுவதற்கு இது நேரமில்லை.

நாள் முழுக்க இறகை உப்பவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் ஆபத்து வருமோ என்று அது ஓயாமல் காவல் காக்கும். உயரம் உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு இருக்கலாம். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை ஒரு கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

கேள்வி: பயந்திருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பதில்: இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பயம் வந்ததும் இறகுகள் உடம்போடு ஒட்டி, கிளி திடீரென்று மெலிந்து நீண்டது போலத் தெரியும். கழுத்து நீளும், கண் இமைக்காது, வாயில் இருக்கும் விதையைக்கூட மெல்லாமல் அப்படியே வைத்திருக்கும். காக்டீலுக்குக் கொண்டை செங்குத்தாக நிற்கும். கொண்டை படிந்து, உஸ்ஸென்று சீறினால் அது ‘கிட்டே வராதே’ என்பதுதான். நிம்மதி என்றால் இறகு லேசாகத் தளரும், ஒரு கால் மேலே போகும், இறகு கோதும், தூங்கப்போகும் முன் அலகை நறநறவென்று தேய்க்கும். இறுக்கம் விலகும் நேரத்தில் உடம்பை ஒரு தடவை உதறிச் சிலிர்க்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

இனி செய்யவேண்டியது இதுதான். பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக, பேசிக்கொண்டே வாருங்கள். நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பது வேட்டை மிருகத்தின் பார்வை, அதைத் தவிருங்கள். கிளி விறைக்கத் தொடங்கும் தூரத்தில் நின்றுவிடுங்கள். அது இமைத்தாலோ, உதறினாலோ, கோதினாலோ உடனே இரண்டடி பின்னால் போங்கள். ‘நான் அமைதியாக இருந்தாலே இந்த ஆள் விலகிவிடுகிறார்’ என்று அதற்குப் புரிய வேண்டும். தூரத்தைத் தன்னால் முடிவு செய்ய முடிகிறது என்று தெரிந்த கிளிக்குத்தான் தைரியம் வரும். நம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சிறகடித்து மோதும் அளவுக்குப் போய்விட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். விலகுங்கள், அடுத்த முறை இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

கேள்வி: அண்ணா, என் கான்யூர் வகைக் கிளி என்னைக் கண்டு பயப்படுவதில்லை, என் கையைக் கண்டால்தான் பயம். கூண்டுக்குள் கை போனாலே அலறுகிறது.

பதில்: அதைக் கையால் அமுக்கிப் பிடித்திருப்பார்கள் தம்பி, அது மறக்கவில்லை. இப்போதைக்குக் கையை உள்ளே விடாதீர்கள், கிண்ணத்தை எடுக்கவும் வைக்கவும் மட்டும் போதும். நீளமான தினைக்கதிர் ஒன்றைக் கம்பி வழியாக நீட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். கிளி முதலில் கதிரைப் பார்க்கும், அப்புறம் உங்கள் விரலை, மறுபடி கதிரை. கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணியைப் பறித்துக்கொண்டு பின்னால் ஓடும். ஓடட்டும். மறுபடி தானாக வரும். அது விரும்பித் தின்னும் நொறுக்கைக் கிண்ணத்தில் போடாமல் உங்கள் கையிலிருந்து மட்டும் கொடுங்கள். ஆனால் அன்றாடத் தீனியைக் குறைத்துப் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். கதிர் தானாகவே நாளுக்கு நாள் குட்டையாகும், அலகு விரலை நெருங்கும். அப்புறம் திறந்த கூண்டுக் கதவில் கையை வைத்து, உள்ளங்கையில் தீனியோடு காத்திருங்கள். விரல்மேல் ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: கையுறை போட்டுப் பிடித்து, துண்டில் சுற்றி, திமிறல் அடங்கும்வரை வைத்திருந்தால் இரண்டே நாளில் பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: செய்யாதீர்கள். அடங்குவது வேறு, பழகுவது வேறு. தப்ப வழியில்லை என்று தெரிந்தால் எந்த உயிரும் அசையாமல் போகும். நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் பறவைக்கு மூச்சே ஓடும். இறுக்கிப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுக்கத் துண்டு தேவைப்படும், பழக்குவதற்குத் தேவைப்படாது.

கேள்வி: கடிக்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: கத்தாமல், கையை வெடுக்கென்று உதறாமல், அதைக் குச்சியிலோ மேசையிலோ இறக்கிவிடுங்கள். அலகில் சுண்டுவது, கூண்டை ஆட்டுவது எல்லாம் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையையும் கெடுக்கும். கடிப்பதற்கு முன் அது விறைத்திருக்கும், கண்மணி சுருங்கி விரிந்திருக்கும், அலகு திறந்திருக்கும். அங்கேயே நிறுத்தினால் கடிக்க வேண்டிய அவசியமே அதற்கு வராது. இன்னொன்று, இளங்கிளி எதையும் அலகால் தொட்டுத்தான் பார்க்கும். உங்கள் விரல்மேல் ஏறும் முன் அலகை ஊன்றிப் பார்த்தால் அது கடியல்ல, விரல் தாங்குமா என்று சோதிக்கிறது. அப்போது கையை இழுத்துவிட்டால் இனி ஏறவே யோசிக்கும்.

கேள்வி: நள்ளிரவில் திடீரென்று கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

பதில்: காக்டீல்களிடம் இது அதிகம். விளக்கைப் போட்டு, பேர் சொல்லி மெதுவாகப் பேசுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். அடங்கியதும் ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். இனி ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்ட கிளி பகலிலும் மிரளும்.

கேள்வி: இறகை வெட்டினால் சீக்கிரம் பழகுமா?

பதில்: பறந்து விலகும் வழியை அடைத்தால் அதற்கு மிஞ்சுவது கடிப்பது ஒன்றுதான். பறக்கக் கற்கும் வயதில் வெட்டுவதற்கு நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். ஜன்னலை மூடி, கண்ணாடிக்குத் திரை போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறைக்குள் கூண்டை விட்டு வெளியே விடுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் ஆகும்?

பதில்: சிலதுக்கு வாரங்கள், சிலதுக்குப் பல மாதங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை போதும். நேற்று செய்ததை இன்று மறுத்தால் ஒரு படி கீழே போய் மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: இப்போது என் தோளில் உட்காருகிறது. தடவிக் கொடுக்கலாமா?

பதில்: அது கேட்கட்டும். தலையைக் குனிந்து, பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினால் சம்மதம். தலையும் கழுத்தும் மட்டும் போதும். முதுகையும் வாலடியையும் தடவுவது அதன் இணை செய்யும் காரியம், வளர்ந்தபின் தொல்லையாகும். புதிதாக முளைக்கும் இறகு மெல்லிய உறைக்குள் இருக்கும், அழுத்தினால் வலிக்கும். சுள்ளென்று திரும்பினால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் சொறியுங்கள்.