303 துப்பாக்கி எவ்வளவு உதைக்கும்?

கேள்வி: நான் புலியூர்க்குறிச்சி. நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன், என்.சி.சி.யில் இருக்கிறேன். முகாமில் பாயிண்ட் 22 துப்பாக்கியால் சுட்டபோது உதைத்ததே தெரியவில்லை. ஆனால் 303 தோளையே பெயர்த்துவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் ஒல்லி. சுடாமலேயே அதன் உதையைக் கணக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பிளஸ் ஒன்னில் படித்த உந்த அழிவின்மைதான், அதாவது முன்னால் போவதன் உந்தமும் (நிறை பெருக்கல் வேகம்) பின்னால் வரும் துப்பாக்கியின் உந்தமும் சமம். ஆனால் பாடக் கணக்கு ஒன்றை விட்டுவிடும், அங்கேதான் விடை கெட்டுப்போகிறது. 303 குண்டு 11.3 கிராம், வேகம் நொடிக்கு 744 மீட்டர், கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் உந்தம் 8.4. துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ என்பதால் அது நொடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், ஆற்றல் 9 ஜூலுக்குள். குண்டுக்குப் பின்னால் பீறிட்டு வரும் வெடிமருந்து வாயு என்ன ஆயிற்று? மருந்து 2.4 கிராம்தான், ஆனால் அந்த வாயு குண்டைவிட வேகமாக வெளியேறும், நொடிக்கு 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு இன்னொரு 2.9 சேர்த்தால் மொத்தம் 11.3, பின்வேகம் 2.8, ஆற்றல் கிட்டத்தட்ட 16 ஜூல். ஆற்றல் கணக்கில் வேகம் இருமடியில் வருவதால் இவ்வளவு வித்தியாசம். நீங்கள் சுட்ட 22-க்கு இதே கணக்கைப் போட்டால் கால் ஜூல்கூடத் தேறாது, உதை தெரியாததில் ஆச்சரியமே இல்லை.

எடை கூடினால் உதை குறையும். அதே தோட்டாவை 5 கிலோ துப்பாக்கியில் போட்டால் 13 ஜூலுக்குக் கீழே வந்துவிடும்.

திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சக்கர வண்டியில் ஏற்றிய அந்தக் காலத்துப் பீரங்கி ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் உருண்டு போகும், ஆட்கள் மறுபடி இழுத்து வைப்பார்கள். துப்பாக்கிக்கோ உங்கள் தோள்தான் எல்லாம்.

அதனால் 16 ஜூலைவிட முக்கியம் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் எப்படி வைக்கிறீர்கள் என்பது. விரலளவு இடைவெளி விட்டால்கூட அந்த 4 கிலோவும் முழு வேகம் எடுத்து வந்து இடிக்கும், அதுவும் காரை எலும்பில் பட்டால் கன்றிப்போகும். தோள்குழிக்குள் இறுக்கி இழுத்துப் பிடித்தால் உங்கள் உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்துகொள்ளும், அடி வெறும் தள்ளலாக மாறிவிடும். ஒல்லியாக இருப்பது ஒரு தடையே இல்லை. அப்புறம், காதடைப்பான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பலர் பயந்து தோளைப் பின்னுக்கு இழுப்பது உதைக்காக அல்ல, சத்தத்துக்காக.