பிள்ளைக்கான பராமரிப்புப் பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறுமா?

கேள்வி: நானும் என் ஏழு வயது மகனும் நியூ ஜெர்ஸியில் வசிக்கிறோம். விவாகரத்தின்போது, மகனுக்காக மாதம் 900 டாலர் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்பளத்தில் பிடிக்க வேண்டாம், நேரடியாகத் தருகிறேன் என்றார் அவன் தந்தை, நானும் சம்மதித்தேன். எட்டு மாதங்களாகப் பணம் வரவில்லை. நடுவில் ஒருமுறை 300 டாலர் மட்டும் ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்பினார். இப்போது அவர் வீட்டுக் கடனுக்கு முயல்வதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பாக்கியை நானே கிரெடிட் பீரோவுக்கு எழுதலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்களே எழுத முடியாது. ஒருவர் கடன்களை எப்படிக் கட்டுகிறார் என்பதை ரிப்போர்ட்டாகத் தொகுக்கும் கிரெடிட் பீரோக்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றும் தனிநபர் அனுப்பும் கடிதத்தை வைத்து ஒருவர் கணக்கில் பாக்கியை ஏற்றுவதில்லை. அந்த அதிகாரம் மாநிலத்தின் பராமரிப்புத் தொகை வசூல் அமைப்புக்கு உண்டு. அங்கே உங்கள் வழக்கு பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கட்டணம் எந்த மாநிலத்திலும் 25 டாலரைத் தாண்டக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம்.

பணம் தரத் தவறியவரின் பெயரையும் பாக்கித் தொகையையும் பீரோக்களுக்கு அவ்வப்போது தெரிவிக்கும் நடைமுறையை ஒவ்வொரு மாநிலமும் வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு அமைப்பு தரும் இந்தத் தகவலை பீரோக்கள் ரிப்போர்ட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது 1992-இல் வந்த திருத்தம். ஏழு ஆண்டுகள் வரை அது அங்கே நிற்கும். ஆனால் அனுப்புவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும், தொகை தவறென்றால் மறுக்க அவகாசமும் தர வேண்டும். ஆகவே நாளைக்கே அவருடைய வீட்டுக் கடன் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள்.

கிரெடிட் ரிப்போர்ட் அழுத்தம் தருமே தவிர, பணத்தை உங்கள் கைக்குக் கொண்டுவராது. பழைய கார் பழுதாகி, அந்த ரிப்போர்ட்டால் புதிய கார்க் கடன் மறுக்கப்பட்டு, வேலைக்குப் போக முடியாமல் போகிறவரிடம் உங்கள் மகனுக்கும் எதுவும் கிடைக்காது. எனவே சம்பளப் பிடித்தத்தையே முதலில் கேளுங்கள். நேரடியாகத் தருவதாக முன்பு ஒப்புக்கொண்டிருந்தாலும், ஒரு மாதத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்த பிறகு அந்த ஏற்பாடு பிடித்தத்துக்குத் தடையாகாது. பணம் அவர் கைக்குப் போகும் முன்பே அலுவலகத்திலிருந்து வந்துவிடும். வருமான வரி ரீஃபண்டிலிருந்தும் பாக்கியைப் பிடிக்க வழி உண்டு. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்க பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் அந்த வழி பயன்படாது.

ஏறிய பாக்கி தானாகக் கரையாது. தவணை நாள் கடந்த தொகையைப் பின்தேதியிட்டுக் குறைக்க நீதிபதிக்கும் பொதுவாக அதிகாரமில்லை. திவால் மனுவும் அதை அழிக்காது.

கணக்கை மட்டும் மிகச் சரியாக வையுங்கள். எட்டு மாதத்துக்கு 7,200 டாலர். நீங்கள் கேட்க வேண்டியதோ 6,900. அந்த 300 டாலரை மறைத்தால், அவர் ஸெல் பதிவைக் காட்டி மறுப்புத் தெரிவிப்பார். மீதித் தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒரு நோட்டில் தவணை நாள், வர வேண்டியது, வந்தது என மூன்று பத்தி போட்டு எழுதி, வங்கிப் பதிவின் நகலையும் இணையுங்கள். அவர் அனுப்பிய அந்த 300 டாலரை நீங்களே முந்திக்கொண்டு விண்ணப்பத்தில் தெரிவித்துவிடுங்கள்.