ஜெபித்தும் பயம் போகவில்லையே?

கேள்வி: ஐயா, ஞானஸ்நானம் எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆறேழு மாதமாக நடுராத்திரியில் விழிப்பு வந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரே பயம். இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன டாக்டர், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெபக்குழுவில் சொன்னேன், விசுவாசம் குறைவு, உபவாசம் இருங்கள் என்றார்கள். 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்று வேதமே சொல்கிறதே, அப்படியானால் என் பயம் பாவம்தானே? மாத்திரை எடுத்தால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். மீதியை அப்புறம்கூடப் படிக்கலாம்.

'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்று பிலிப்பியர் 4:6-இல் எழுதிய அதே அப்போஸ்தலன் பவுல்தான், 2 கொரிந்தியர் 11:28-இல் எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று எழுதினார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். கவலை என்றால் என்னவென்று தெரியாத மனிதர் மேடையிலிருந்து கொடுத்த கட்டளை இல்லை அது, சிறையில் தீர்ப்பு எப்படி வருமோ என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் தனக்குப் பிரியமானவர்களுக்கு எழுதிய வார்த்தை. அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். அந்த வசனத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பது இன்னொரு விஷயம். உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் 'தெரியப்படுத்துங்கள்' என்று முடிகிறது அது. தெரியப்படுத்துவது மட்டும்தான் நம் வேலை, பயத்தைத் துடைத்துவிட்டு வந்து நிற்கச் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் தேவசமாதானம் 'காத்துக்கொள்ளும்' என்கிறாரே, அது கோட்டைக்குக் காவல் போடுவதற்குச் சொல்லும் சொல். வெளியே ஒன்றுமே இல்லாதபோது காவல் எதற்கு?

நம் தமிழ் வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல் இருக்கிறது: விசாரம், அதாவது மனக்கவலை. சங்கீதம் 94:19, 'என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது.' 1 பேதுரு 5:7-இல் 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்' கவலைகளை அவர்மேல் வைத்துவிடச் சொல்கிறது. நமக்கு விசாரம், அவருக்கு விசாரிப்பு, அதாவது நம்மேல் அக்கறை. சங்கீதக்காரன் விசாரங்கள் ஒழிந்த பிற்பாடு என்றா சொல்கிறான்? 'பெருகுகையில்' என்கிறான், அதாவது அது ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆறுதலும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஜெபித்த பிறகும் நெஞ்சு படபடத்தால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று அர்த்தமில்லை.

ராத்திரி விழிப்பு வரும்போது அந்தச் சங்கீத வசனத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்து உட்கார்ந்து, முதல் பாதியை மனதில் சொல்லி மூச்சை இழுங்கள், இரண்டாம் பாதியைச் சொல்லி இன்னும் நிதானமாக விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத்துடிப்பு மெல்லத் தணியும், உடம்பு அப்படித்தான் உண்டாக்கப்பட்டிருக்கிறது. இந்த மாதிரிப் பீதி பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். அதை அதட்டித் துரத்தப் பார்த்தால் இன்னும் ஏறும், அந்நேரத்தில் நீண்ட போராட்ட ஜெபம் வேண்டாம். பகலில் ஒரு நோட்டில் ஒவ்வொரு கவலையையும் ஒரு வரி விண்ணப்பமாக எழுதி வையுங்கள். மனதுக்குள் சுற்றும்போது எல்லாம் சேர்ந்து ஒரே பூதமாகத் தெரியும், எழுதிப் பார்த்தால் அதில் இரண்டு, நாளைக்கு ஒரு போன் செய்தால் முடிகிற காரியமாக இருக்கும்.

உபவாசம்? இப்போது வேண்டாம். 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கினவன், அவனையா விசுவாசம் குறைந்தவன் என்பீர்கள்? தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்று எழுப்பினான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். தூக்கம் கெட்டு வயிறும் காலியாக இருந்தால் படபடப்பு கூடத்தான் செய்யும். எலியா கேட்டது போல 'போதும், என்னை எடுத்துக்கொள்ளும்' என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால் ஒரு ராத்திரிகூடத் தனியாக வைத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் அன்றே சொல்லுங்கள்.

மாத்திரை விஷயம். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல், லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்று அழைத்தவரும் அவரே. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் உபவாசக் குழு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, கவனித்தீர்களா? ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் பலவற்றுக்குப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலாம் நாளே கர்த்தரும் கேட்கவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

ஜெபக்குழுவைப் பகைக்க வேண்டாம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசுவே சீஷர்களிடம் ஆலோசனை கேட்கவில்லை, என்னோடேகூட விழித்திருங்கள் என்றார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு கதை. குழுவில் வாய் குறைவாகப் பேசும் ஒரு அக்கா நிச்சயம் இருப்பார், அவரிடம் 'எனக்குப் பதில் வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆராதனை நடக்கும்போதே பரிசுத்த ஆவியானவரைத் தூஷிக்கும் எண்ணம் மனதில் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?
- கல்லூரி மாணவர்

பதில்: இல்லை தம்பி. பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதற்கு மன்னிப்பு இல்லை என்று மாற்கு 3-இல் இயேசு சொன்னது, கண்ணெதிரே நடந்த நல்லதைப் பார்த்துவிட்டே, இவன் பிசாசால் செய்கிறான் என்று தெரிந்தே சாதித்த வேதபாரகரிடம், அதாவது யூத வேத அறிஞர்களிடம். அவர்களில் யாரும் உன்னைப் போல அழவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் பன்யனை இதே பயம் வருஷக்கணக்கில் வாட்டியது. கிறிஸ்துவை விற்றுப்போடு என்று ஓர் எண்ணம் விடாமல் நச்சரித்ததாம். இந்த எண்ணச் சுழலுக்கு மருத்துவத்தில் ஓசிடி என்று பெயர், சிகிச்சை உண்டு. நூறு தடவை மன்னிப்புக் கேட்பதுதான் அதற்குத் தீனி. எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, பதில் சொல்லாமல் பாட்டைத் தொடர்ந்து பாடு. முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், ஓசிடி தெரிந்த ஓர் ஆலோசகர் கூட இருந்தால் சுலபம்.

கேள்வி: மனம் இவ்வளவு இருண்டு கிடக்கும்போது ஸ்தோத்திரம் சொல்ல வாயே வரவில்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகர்

பதில்: சொல்லாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள், 18 வசனம்தான், கடைசி வரி வரை விடியவே விடியாது, ஆனாலும் அதைப் பாடினவன் கர்த்தாவே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இன்று ராத்திரி வாய்விட்டு வாசியுங்கள்.