ஓவிய வியாபாரி சேர்த்தது அவருக்குப் பிறகும் ஊருக்கு நிலைக்குமா?

கேள்வி: படங்களை வாங்கி விற்று ஒருவர் சேர்த்த தொகுப்பை, பிள்ளைகள் பிரித்துக்கொள்ளாமல் பொதுவுக்கு விட்டால் நிலைக்குமா?

நிலைக்கும். ஆனால் படங்களோடு சேர்த்து அவற்றைப் பராமரிக்கக் காசு வரும் வழியையும் எழுதி வைக்கவேண்டும்.

சுவிஸில் பாசல் நகருக்குப் பக்கத்தில், ரீஹனில் பையலர் அருங்காட்சியகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் அந்த நாட்டில் இருக்கிறார்கள், போகக் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். பாசலில் 6ஆம் இலக்க ட்ராம் எடுத்தால் சரி. எர்ன்ஸ்ட் பையலர் பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். 1945இல் முதலாளி இறந்ததும் கடையைப் பொறுப்பெடுத்து, ஓவியக் கூடமாக மாற்றினார். அவருக்கும் மனைவி ஹில்டிக்கும் பிள்ளைகள் இல்லை. விற்காமல் தங்களுக்கென்று சேர்த்ததை 1982இல் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 1997இல் ரென்சோ பியானோ வடிவமைத்த கட்டடம் திறந்தது. உள்ளே மோனேயின் பெரிய அல்லிக்குளப் படம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிசமான குளம். எனக்கு அந்த இடத்தை விட்டு வரவே மனமில்லை.

அதைவிட என்னைத் தொட்டது பிறகு நடந்தது. 2010இல் பையலர் இறந்தார். கடையில் மிஞ்சியிருந்த படங்கள் அடுத்த ஆண்டே ஏலத்தில் போயின. அந்தக் காசு அறக்கட்டளைக்குத்தான். வைத்திருக்க வேண்டியது எது, விற்க வேண்டியது எது என்று அவரே பிரித்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

அதே பாசலில் ஸ்டேஹலின் என்ற வணிகக் குடும்பத்தின் தொகுப்பு நகர அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது. 1967இல் அந்தக் குடும்பம் பங்கு வைத்திருந்த விமான நிறுவனம் நொடித்தது, இரண்டு பிக்காசோ படங்களை விற்கவேண்டிய நிலை. ஊர்ச் சனம் வாக்களித்து 60 லட்சம் பிராங்க் ஒதுக்கியது, மிச்சத்தைத் தெருவில் விழா வைத்துத் திரட்டினார்கள். நெகிழ்ந்துபோன பிக்காசோ இன்னும் 4 படங்களைச் சும்மா கொடுத்தார். அருமையான கதைதான். ஆனால் இரவல் எப்போதும் இரவல்தான்: அதே தொகுப்பிலிருந்து கோகனின் படம் ஒன்று விலைப்பட்டது 2015இல் தெரியவந்தது.

எங்கள் ஊருக்கு வருவோம். பெரியப்பா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். காசு குறைவான ஓவியர்கள் படத்தையே கூலியாகக் கொடுப்பார்கள். சிலவற்றை விற்பார், பிடித்ததை வீட்டில் மாட்டுவார். மாற்கு மாஸ்டர் போன்ற பெரிய ஓவியர்களின் படைப்புகளே போரிலும் 1995 இடப்பெயர்விலும் எவ்வளவோ அழிந்துபோன ஊர் இது. பெரியப்பாவின் படங்களிலும் கொஞ்சம்தான் தப்பின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன்: பின்பக்க ஹார்ட்போர்ட்டில் கறையான் மண் கோடு, ஓரத்தில் பூஞ்சணம், நடுவில் பெரியப்பாவின் பென்சில் எழுத்தில் ஓவியரின் பெயரும் வாங்கிய திகதியும். அந்த எழுத்து இல்லையென்றால் அது யார் வரைந்தது என்று இன்று ஒருவருக்கும் தெரியாது.

படங்களை ஒரு பொது இடத்துக்குக் கொடுக்க வீட்டில் எல்லாரும் சம்மதம். நான் கேட்பது, கடை அறையில் வரும் வாடகையையும் பராமரிப்புக்கென்று அதோடு எழுதவேண்டும் என்பது. கனடாவில் இருக்கும் மச்சாள் சரி என்றுவிட்டா, அண்ணா இன்னும் யோசிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் தொகுப்பு இருந்தால், முதலில் ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். வரைந்தவர், ஆண்டு, கைக்கு வந்த விதம் எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அப்புறம் நொத்தாரிசிடம் போய், எவற்றை ஒருபோதும் விற்கக்கூடாது, எவற்றை விற்றுப் பராமரிப்புக்கு எடுக்கலாம் என்று இரண்டு பட்டியலாக உறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள்.