உழைப்பாளர் சிலையை வடித்த கைகள்

கேள்வி: கடற்கரைச் சாலையில் உழைப்பாளர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், அதை வடித்தவர் யார் என்று என் மகள் கேட்கிறாள். அவர் செய்த வேறு சிலைகள் எங்கேனும் உள்ளனவா?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் 1899-இல் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1950-களின் பிற்பகுதி வரை இங்கேயே இருந்து, கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்ற கலைஞர்களை உருவாக்கினார். ஆகவே அவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

உழைப்பாளர் சிலை 1959-இல் நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில் அது நிற்பது மிகப் பொருத்தம். பேருந்திலிருந்து பார்த்தால் நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள் என்பது மட்டுமே தெரியும். மகளை அழைத்துக்கொண்டு அருகே சென்று ஒருமுறை சுற்றிவந்தால், புடைத்த நரம்பிலும் வளைந்த முதுகிலும் பாறையின் கனம் எப்படி இறங்கியிருக்கிறது என்பதைக் காண்பீர்கள். ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர் என்பதால், பாரம் தாங்கும்போது உடம்பு என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் அவருடையதுதான். எனினும், பெயரில்லாத அந்த நால்வரையே நான் மேலாக மதிக்கிறேன்.

பாட்னாவில் சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே அவருடைய தியாகிகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 11 அன்று, தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றச் சென்று சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்கானது அது. டெல்லியில், காந்தியடிகள் முன்னே நடக்கப் பத்துப் பேர் பின்தொடரும் 'கியாரா மூர்த்தி' தொகுதியும் உண்டு. 1975-இல் ராய் சௌத்ரி மறைந்த பிறகே அது முழுமையடைந்தது. பழைய 500 ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் நாம் பல்லாண்டுகள் பார்த்தது அந்தச் சிலைத் தொகுதியைத்தான்.

கேள்வி: இத்தகைய சிலைகளும் சுவாமிமலைச் செப்புத்திருமேனிகளும் ஒரே முறையில் செய்யப்படுபவையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் உலோக வார்ப்பே, ஆனால் வழி வேறு. சுவாமிமலையில் ஸ்தபதி, தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் மெழுகுருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றுகிறார். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றப்படுகிறது. கருவை, அதாவது அந்த மண் அச்சை, உடைத்தே திருமேனியை எடுப்பதால், அதே கருவில் இன்னொன்றை வார்க்க முடியாது. உற்சவத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே கெட்டியாகவே இருக்கும்.

பொதுவிடத்துச் சிலையைச் செய்பவரோ, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணை அப்பி முழு அளவில் உருவம் செய்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்செடுக்கிறார். வெண்கல வார்ப்பு அதற்குப் பிறகுதான். ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவத்தைக் கெட்டியாக வார்த்தால் எடை தாங்காது என்பதாலும், தடித்த உலோகம் ஆறும்போது சுருங்கி வெடிக்கக்கூடும் என்பதாலும், அதை உட்கூடாகவும் பகுதி பகுதியாகவும் வார்த்து இணைப்பது வழக்கம். அச்சு கைவசம் இருந்தால் மறுபடியும் வார்க்கலாம். உழைப்பாளர் சிலையின் இன்னொரு வடிவம் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்தில் நிற்கிறது.