பேய்ப் படம் ஓடும்போது கையில் எந்த பீர்?

அக்டோபர் 31 ஹாலோவீன். அதையொட்டி வீட்டில் பேய்ப் படம் போட்டுப் பார்க்கும் வாசகர்கள் சிறு ஆலைகளில் செய்யும் கிராஃப்ட் பீர் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறோம். பாட்டில் லேபிளில் மண்டை ஓடு இருக்கிறது என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். படம் எத்தனை நிமிடம், எவ்வளவு சத்தம், பயம் மெல்ல ஏறுகிறதா திடீரென்று தாக்குகிறதா என்று பார்த்து பீரை முடிவு செய்யுங்கள்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து 'தி ஷைனிங்' பார்க்கிறோம். இம்பீரியல் ஸ்டவுட் சரியாக இருக்குமா? ஆளுக்கு எத்தனை பாட்டில் வாங்க வேண்டும்? (டொராண்டோ வாசகர்)

சரியான தேர்வு. வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு பீரான ஸ்டவுட்டில், ஆல்கஹால் கூடிய அடர்த்தியான வகைதான் இம்பீரியல் ஸ்டவுட். ஆனால் ஆளுக்கொரு பாட்டில் வேண்டாம். நான்கு பேருக்கு 330 மி.லி. பாட்டில் இரண்டே போதும். 10 சதவீத ஸ்டவுட் ஒரு பாட்டிலில் 33 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. சாதாரண வெளிர் பீரான 4.5 சதவீத லாகரில் அதே அளவு பாட்டிலில் 15 மி.லி.கூட இல்லை. அதாவது ஒரு ஸ்டவுட் இரண்டு லாகருக்கும் மேல்.

1980இல் வந்த இந்தப் படத்துக்கு இரண்டு நீளம் உண்டு. அமெரிக்காவில் ஓடியது 144 நிமிடம். வெளிநாடுகளுக்காக இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வெட்டிச் சுருக்கியது 119 நிமிடம். உங்களிடம் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் பனியில் அடைபட்ட அந்த ஹோட்டலில் பயம் அங்குலம் அங்குலமாகத்தான் ஏறும். இம்பீரியல் ஸ்டவுட்டும் அப்படியே. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, 4 டிகிரியில் குடித்தால், ஆறிப்போன டிகாக்‌ஷன் மாதிரி வெறும் வறுத்த கசப்புதான் தெரியும். 10, 12 டிகிரிக்கு வரும்போது சாக்லேட், உலர் திராட்சை, கொஞ்சம் அதிமதுரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இன்னும் சூடேறினால் ஆல்கஹாலின் காரம் தொண்டையில் தங்கும். படம் முடியும் நேரமும் அதுவாக இருந்தால் நல்லது.

படம் தொடங்க 20 நிமிடம் முன்பே பாட்டிலை வெளியே எடுத்து வையுங்கள். ஆளுக்கு 160 மி.லி., வாய் குறுகிய சிறிய கிளாஸில். பிராந்தி கிளாஸ் இருந்தால் அதுவே போதும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, முதல் இருபது நிமிடத்திலேயே குடித்து முடித்துவிடுவது. பக்கத்தில் தண்ணீர் இருந்தால் தாகத்துக்கு அதைக் குடிப்பீர்கள், ஸ்டவுட்டைச் சுவைக்கு மட்டும் தொடுவீர்கள்.

'எ க்வைட் ப்ளேஸ்' படத்தை விட்பியருடன் பார்க்கலாம் என்று இருக்கிறோம். சத்தமே இல்லாத படத்தில் கேன் திறக்கும் சத்தம் கெடுத்துவிடுமே? (சிங்கப்பூர் வாசகி)

கேன் மட்டுமில்லை, விட்பியரே கெடுக்கும். பெல்ஜியக் கோதுமை பீரான அதில் வாயு அதிகம். கால் மணி நேரத்தில் ஏப்பம் வரத் தொடங்கும். 90 நிமிடப் படத்தில் யாராவது ஒருவர் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

நைட்ரோ ஸ்டவுட் வாங்குங்கள். கேனுக்குள் சிறிய பிளாஸ்டிக் உருண்டை கிடக்குமே, அந்த வகை. நைட்ரஜன் சேர்ப்பதால் கார்பன் டை ஆக்ஸைடு குறைவாகவே இருக்கும். நுரை பாலாடை போல மெத்தென்று நிற்கும், வயிறு உப்பாது. பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் ஆளுக்கு ஒன்று தாராளம்.

திறக்கும்போது மற்ற கேன்களைவிட இது பலமாகவே சீறும். அதனால் எல்லாவற்றையும் படத்துக்கு முன்பே திறந்து ஊற்றிவிடுங்கள். அதற்கு முன் குறைந்தது 3 மணி நேரம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ச்சி போதாமல் திறந்தால் பாதி பீர் நுரையாக மேசையில் வழியும். கிளாஸை 45 டிகிரி சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, கறுப்பும் வெளுப்பும் பிரியும்வரை இரண்டு நிமிடம் தொடாமல் வையுங்கள்.

உங்கள் ஊர் ஈரப்பதத்துக்குக் குளிர்ந்த கிளாஸ் வியர்த்துக் கொட்டும், திடுக்கிடும் காட்சியில் கையிலிருந்து நழுவும். ஒரு காகித நாப்கினைச் சுற்றிவிடுங்கள். கொறிக்க முறுக்கு, சிப்ஸ் இரண்டும் வேண்டாம். உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலையை முன்கூட்டியே உரித்துக் கிண்ணத்தில் வைத்தால் சத்தமே வராது. ஸ்டவுட்டின் வறுத்த வாசனைக்கும் அது நன்றாகச் சேரும்.

1922இல் வந்த ரத்தக் காட்டேரிப் படமான 'நோஸ்ஃபெராட்டு' பார்க்க ரத்தச் சிவப்பாக ஒரு பீர் வேண்டும். எதை வாங்குவது? (லண்டன் வாசகர்)

சிவப்புதான் வேண்டுமென்றால் க்ரீக் வாங்குங்கள். புளிப்புச் செர்ரிப் பழங்களை மாதக்கணக்கில் ஊறவைத்த பெல்ஜிய லாம்பிக் அது. ஆனால் இயக்குநர் முர்னாவின் இந்தப் படத்துக்கு லாம்பிக் பொருந்துவதற்கு நிறம் காரணமில்லை. அதைச் செய்யும் விதம்தான் காரணம்.

மற்ற பீர்களில் ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள். பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்து லாம்பிக்கில் யாரும் எதையும் போடுவதில்லை. கொதிக்கவைத்த தானியச் சாற்றை மேல்மாடத்தில், தாம்பாளம் மாதிரி அகலமும் ஆழக்குறைவுமான செப்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னல் திறப்புகளைத் திறந்துவிட்டு இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கும். விடிந்ததும் மரப்பீப்பாய்க்கு மாற்றி ஒன்று முதல் மூன்று வருடம் வைப்பார்கள். வெயில் காலத்தில் கெடுக்கும் கிருமிகள் அதிகம் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை. 1900 முதல் பிரஸ்ஸல்ஸில் இயங்கும் கான்டியோன் ஆலையில் சிலந்தி வலைகளைக்கூடக் கலைப்பதில்லை. பீப்பாயைத் தேடி வரும் பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்துக்கொள்கின்றன. இருட்டில் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே வருவதைப் பற்றிய படத்துக்கு இதைவிட நெருங்கிய பீர் கிடையாது.

வாங்கும்போது லேபிளில் 'ஔட' (Oude) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். டச்சு மொழியில் 'பழைய' என்று பொருள். இனிப்புச் சேர்க்காத பழைய முறையில் செய்தது என்பதற்கு அடையாளம். அந்தச் சொல் இல்லாத க்ரீக் பலவும் செர்ரி சர்பத் போலத் தித்திக்கும், படத்தோடு ஒட்டாது. செர்ரி வேண்டாம் என்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிடும் க்யூஸ் வாங்கலாம்.

750 மி.லி. பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் தங்கவிடுங்கள். 8 முதல் 10 டிகிரி வரை குளிர வையுங்கள். கார்க்கின் மேலுள்ள கம்பியைக் கழற்றியதும் கார்க்கை ஒரு துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். கார்க்கைத் திருப்பினால் சில சமயம் உடையும். பாட்டில் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. ஊற்றும்போது நடுவில் நிறுத்தி நிமிர்த்தாதீர்கள், வண்டல் கலங்கும். எல்லாக் கிளாஸையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரே சாய்வில் ஊற்றிவிட்டு, கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் வாயில் நன்கு புளித்த மோர், அரைநெல்லிக்காய், அதன் பின்னால் மாட்டுத் தொழுவத்து வைக்கோல் வாசனை. முகம் சுளிப்பவர்கள் மூன்றாவது வாய்வரை பொறுக்கட்டும்.

ஜெர்மனியிலிருந்து உறவினர் கொண்டுவந்த பீரில் கருவாட்டு வாசனை அடிக்கிறது. கெட்டுப்போனதா? (சென்னை வாசகர்)

கெடவில்லை. அது பாம்பெர்க் நகரத்து ரௌஹ்பியராக இருக்கும். பீச் மர விறகின் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, உலர்த்துவதால் வரும் வாசனை அது. முதல் கிளாஸில் புகை மட்டும்தான் தெரியும். பாதி குடித்ததும் நாக்கு பழகி, அடியிலுள்ள மால்ட் இனிப்பு தெரியத் தொடங்கும். 1630களின் நியூ இங்கிலாந்தில் நடக்கும் 'தி விட்ச்' படத்தோடு குடித்துப் பாருங்கள். விறகடுப்பும் காட்டோரமுமாக ஓடும் படம். அந்தக் காலத்தில் விறகுத் தீயில் காய்ந்த மால்ட்டில் புகை ஏறுவது சாதாரணம்.

கிளாஸில் ஊற்றிய ஐபிஏ-யின் (இந்தியா பேல் ஏல்) நுரை ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. மிளகாய்ப்பொடி தூவிய பாப்கார்னோடு குடித்தால் கசப்பும் தாங்கவில்லை. பீரில் குறையா? (பெங்களூரு வாசகி)

பெரும்பாலும் கிளாஸில்தான் குறை. நுரைக்கு எதிரி எண்ணெய். தாளித்த கடாயைத் தேய்த்த ஸ்க்ரப்பரால் பீர் கிளாஸையும் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கிளாஸுக்கு என்று தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். சோதிக்க, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. வெண்ணெய் பாப்கார்ன் தின்ற உதட்டைத் துடைக்காமல் குடித்தாலும் நுரை போய்விடும்.

மிளகாயும் ஐபிஏ-யும் ஒன்றையொன்று தூண்டிவிடும் ஜோடி. ஐபிஏ-யில் தாராளமாகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு, வாயு, ஆல்கஹால் மூன்றும் காரத்தைக் கிளப்பும். காரம் வேண்டுமென்றால் பீரை மாற்றுங்கள்: உங்கள் ஊர் மைக்ரோபுரூவரிகளில் பரவலாகக் கிடைக்கும் கோதுமை பீரான ஹெஃபவைசன், அல்லது பிரவுன் ஏல். ஐபிஏ-தான் வேண்டுமென்றால் உப்பு மட்டும் போட்ட பாப்கார்ன். கேனில் அடைத்த தேதியையும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டினால் ஹாப்ஸ் மணம் இறங்கிவிடும். அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்று பட்டுவிட்டது என்று பொருள்.

ஹாலோவீனுக்கு பம்ப்கின் ஏல் குடித்தே ஆக வேண்டுமா? (நியூ ஜெர்சி வாசகர்)

கட்டாயமில்லை. காலனி காலத்து அமெரிக்காவில் மால்ட் தட்டுப்பாட்டுக்குப் பூசணியைப் போட்டார்கள்; 1980களில் கலிஃபோர்னியாவில் பில் ஓவன்ஸ் அதை மீட்டெடுத்தார். இன்றைக்கு நாக்கில் படுவது பெரும்பாலும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சிதான். பூசணிக்குத் தனிச்சுவை மிகக் குறைவு. இரண்டாவது கிளாஸிலேயே திகட்டும். 1978இல் வந்த 'ஹாலோவீன்' 91 நிமிடம்தான். தொடக்கத்தில் ஆளுக்கு 150 மி.லி. பம்ப்கின் ஏல், பிறகு சாதாரணப் பில்ஸ்னர் லாகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீர்த் தாக்குதல் நிறைந்த படம் என்பதால் கிளாஸை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்டு வைத்த கிளாஸைத் தவிர்த்து, அடி கனமான டம்ளரை எடுங்கள்.

பச்சை பாட்டில் பீர் சில சமயம் நாறுகிறதே, ஏன்? (திருச்சி வாசகர்)

வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து, நாற்றமுள்ள கந்தகச் சேர்மமாகிவிடும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சை கொஞ்சமே தடுக்கும், வெள்ளை தடுக்கவே தடுக்காது. கேனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜன்னலோரம் வைக்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கடை அலமாரியில் நாள்கணக்கில் நின்றதையும் வாங்காதீர்கள்.

நண்பர்கள் குடிப்பார்கள், நான்தான் எல்லாரையும் காரில் கொண்டுவிட வேண்டும். எனக்கு என்ன? (கோவை வாசகர்)

ஆல்கஹால் இல்லாத ஸ்டவுட் கிடைத்தால் அது. ஆல்கஹாலை எடுத்துவிட்ட ஐபிஏ தண்ணீராகத் தோன்றும். ஸ்டவுட்டில் வறுத்த பார்லி அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிடும். அதிலும் சிலவற்றில் 0.5 சதவீதம்வரை இருக்கலாம், லேபிளில் 0.0 என்று இருப்பதைத் தேடுங்கள். திறந்ததை அன்றே குடித்துவிடுங்கள். எல்லாருக்கும் ஊற்றும் அதே கிளாஸில் ஊற்றிக்கொள்ளுங்கள், மணம் அதில்தான் கூடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டுவது குற்றம். 10 சதவீத ஸ்டவுட் ஒரு பாட்டில் பலரையும் அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய்விடும். இடைவேளையில் காபி குடித்தால் இறங்காது, நேரம்தான் இறக்கும். நண்பர்களிடம் கார் சாவிகளைப் படம் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.